கவர்னரைக் கட்டிய நார்

டீசல் கிடைக்காமற்போன அந்த ஆண்டில், எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் மூன்று நாட்கள் பறித்த கொழுந்து பரப்பியபடியே கிடந்து பழுத்தது. மின்சாரம் பகலில் பாதி நேரம் இராது. வந்தாலும் எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாது. ஜெனரேட்டருக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்கள் நின்றுவிட்டால் பறித்தவர்களின் உழைப்பெல்லாம் குப்பைக்குத்தான் போகும். அந்த நிலையில்தான் தொழிற்சாலையின் பொறுப்பதிகாரியான டீமேக்கர் ஒரு காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டாத வயது. மரியாதை தெரிந்த மனிதர்.

“பெரியவரே, பின்கட்டுல ஒரு ஸ்டீம் எஞ்சின் கெடக்குதே, அது ஓடுமாங்க?”

“பொயிலர் இருக்கு, வெறகு இருக்கு. எஞ்சினத் தொறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றேன். “ஆனா நான் ஒருத்தன் பத்தாது. வால்வு வைக்கிறதுக்கு அவரு வேணும்.”

யாரைச் சொல்கிறேன் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

“கவர்னரக் கட்டுன ஆளையா சொல்றீங்க? நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்ததுங்க அது. ஆனா இந்த ஸ்டோருக்கு வேலைக்கு வந்த மொத நாளே எனக்கு அந்தக் கதையத்தான் சொன்னாங்க.”

தொழிற்சாலையை ஸ்டோர் என்பது எங்கள் மலைப் பேச்சு.

“அவரு இல்லாம நான் வரலீங்க.”

“சரி, வரட்டும். ஆனா கவர்னர்ல மட்டும் அவரு கை வைக்கக் கூடாது. அது ஒங்க பொறுப்பு.”

நான் தலையசைத்தேன். மறுத்துச் சொல்ல ஒரு சொல் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

டீமேக்கர் குறிப்பிட்ட கதை இது. நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னர் நானும் அவரும் அந்த எஞ்சின் அறையில் ஒன்றாக வேலை செய்தோம். எஞ்சினை ஓட்டுபவர் அவர். எண்ணெய் விட்டுத் துடைத்துப் பழுது பார்ப்பவன் நான். அவர் வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர். நான் தோட்டத்துக் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடுகிறவன். அவர் மணந்துகொண்டது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்ணை. மணத்துக்குப் பின்னும் அந்த அம்மாள் எங்கள் கோயிலுக்கு வருவதை விடவில்லை, அவரும் தடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கு நான் அண்ணன் முறை. ஆகவே அவர் எனக்கு மச்சான்.

எஞ்சினின் மேற்புறத்தில் ஒரு செங்குத்தான தண்டு சுழலும். அதன் இருபுறமும் இரண்டு இரும்பு உருண்டைகள் கைகளில் தொங்கும். எஞ்சின் விரைந்தால் உருண்டைகள் விரிந்து மேலெழும். எழும்போது தண்டைச் சூழ்ந்த குழலையும் தம்மோடு மேலே இழுக்கும். குழல் ஒரு நெம்புகோலை அசைக்க, நீராவி வரும் வால்வு சற்றே மூடும். எஞ்சின் தளர்ந்தால் உருண்டைகள் தாழும், வால்வு திறக்கும். இதுதான் கவர்னர். எவர் கையும் படாமல் தன் எழுச்சியையே தனக்குக் கடிவாளமாக்கிக்கொள்ளும் அந்த அமைப்பின் முன் இளவயதில் நான் மெய்மறந்து நின்றதுண்டு. ஐம்புலனும் அடங்க அருள் வேண்டிப் பாடும் பாடல்கள் பலவற்றை அதன் அருகில் எண்ணெய்க் குவளையோடு நின்றுதான் மனனம் செய்தேன்.

கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் சில ஓட்டுநர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். உருண்டைகள் எழாதபடி ஒரு கயிற்றால் கட்டிவிடுவார்கள். எஞ்சின் வேகம் தணியாது. வேலை சீக்கிரம் முடியும். அபாயமான செயல். மச்சானும் ஒருமுறை அப்படிச் செய்து தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் திட்டு வாங்கியிருந்தார்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, மூன்று ரோலர்கள் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டை ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பாரம் குறைந்ததும் தணிய வேண்டிய எஞ்சின் தணியவில்லை, வெறிகொண்டு சுழன்றது. பெரிய பெல்ட் அறுந்து அதன் முனை ரோலரின் அடியில் கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வலது முழங்கையில் விழுந்தது. மச்சானின் மனைவிதான் அந்தப் பெண். முழங்கை நொறுங்கியது. அன்றிலிருந்து அந்தக் கை மடங்கியதில்லை.

துரை வந்தார். ஏணியில் ஏறிக் கவர்னரைப் பார்த்தார். அதில் சுற்றியிருந்த ஒரு துண்டு நாரை உருவி எடுத்து, இரண்டு விரல்களால் எல்லோரும் காணத் தூக்கிப் பிடித்தார். “என்ன இது?” என்று கேட்டார். மச்சான் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே அவரை விறகு லொறிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் நாள்வரை அவர் விறகுதான் சுமந்தார். கவர்னரைக் கட்டி மனைவியின் கையை ஒடித்தவன் என்று தோட்டம் முழுவதும் நம்பியது. அவர் மனைவியும் நம்பினார். ஒரே கூரையின் கீழ் இருந்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப் பிள்ளைகளையும் கண்ட பிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. அந்த எஞ்சினை அதன்பின் எவரும் ஓட்டவில்லை. அடுத்த மாதமே டீசல் எஞ்சின் வந்துவிட்டது.

*

மச்சான் தம் பழைய சுரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். எழுபத்தைந்து வயதிலும் நடை தளரவில்லை.

“என்ன பூசாரி, செத்தத எழுப்பச் சொல்றாங்களா? அது எங்க ஆண்டவருக்குத்தான் பழக்கம்.”

பூசாரி என்பது எஞ்சின் அறையில் அவர் எனக்கு வைத்த பெயர். அதை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் அந்த விபத்துக்குப் பின் என்னை ஒருமுறைகூட ‘நீ’ என்று அழைத்ததில்லை.

டீமேக்கரின் நிபந்தனையைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: “கவர்னர் பக்கம் போகக் கூடாதுன்னாரா? தெரியுங்க. நீங்க அங்க, நான் இங்க.”

அவர் வால்வுப் பெட்டியைத் திறந்தார். அந்த எஞ்சினில் வால்வு என்பது கவிழ்த்த சிறு பெட்டி போன்ற ஓர் இரும்புத் துண்டு. மூன்று வாய்கள் கொண்ட தளத்தின் மேல் அது முன்னும் பின்னும் வழுக்கி ஓடி, நீராவியை ஒருமுறை உருளையின் இந்த முனைக்கும் மறுமுறை அந்த முனைக்கும் அனுப்பும். எங்கள் வால்வின் அடித்தளம் தேய்ந்து வரிவரியாகக் கீறியிருந்தது. அந்தக் கீறல்களின் வழியே நீராவி வேலை செய்யாமலே ஒழுகிப் போய்விடும்.

சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்து ஒரு கண்ணாடிப் பலகையில் மெல்லத் தடவி, வால்வை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுத்தார். எங்கெல்லாம் இரும்பு மேடாக இருந்ததோ அங்கெல்லாம் சிவப்பு ஒட்டியது. அந்த மேடுகளை மட்டும் சுரண்டினார். மீண்டும் தேய்த்தார், மீண்டும் சுரண்டினார். முதல் நாள் நாலைந்து இடங்களில்தான் சிவப்பு தெரிந்தது. நான்காம் நாள் தளம் முழுவதும் மழைத்தூறல் விழுந்தாற்போல் புள்ளி புள்ளியாகச் சிவந்தது. “இப்ப ஒரு மூச்சுக் காத்துகூட ஒழுகாது” என்றார்.

பிறகு பெரிய சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பித் திருப்பி, வால்வு இரு முனைகளிலும் ஒரே அளவு திறக்கிறதா என்று பார்த்தார். அவருடைய அளவுகோல் ஒரு வெற்றிலைக் காம்பு. காம்பு இருபுறமும் ஒன்றுபோல் நுழையும்வரை திருகாணியை முடுக்கினார். இத்தனையும் செய்த மனிதரை ஓய்வு பெறும்வரை விறகு சுமக்க வைத்தோம்.

கவர்னர் என் பங்கு; அதைக் கழற்றி ஒரு பலகையின் மேல் வைத்துக்கொண்டேன். குழல் தண்டோடு இறுகிக் கிடந்தது. துரு என்று எண்ணி மண்ணெண்ணெய் ஊறவிட்டு, குழலின் கீழ் விளிம்பில் கத்தியை ஓட்டினேன். துரு உதிரவில்லை. வெளிறிய மஞ்சளில் ஓடு போன்ற ஒரு பொருள் பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் விளிம்பில் குங்குமத்தின் சிவப்பு. அதன் கீழே திருநீற்றின் வெண்மை.

கோயிலில் பூசகர் அல்லாதவன் மூர்த்தியைத் தீண்ட இயலாது. தொலைவில் நின்று பாடலாம், அவ்வளவே. எஞ்சின் அறையில் எனக்குத் தடை இல்லை. இரண்டு உருண்டைகளுக்கு நடுவே நின்ற அந்தத் தண்டு எனக்கு ஒரு நெற்றியாகத் தெரிந்தது. வெள்ளிதோறும் அதில் மூன்று கோடுகளாகத் திருநீறு இட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். ஆயுத பூசையன்று அன்பு அளவு கடந்துபோகும். அந்த ஆண்டு குழலின் விளிம்பே மறையும்படி சந்தனத்தை அப்பி, மாலையையும் அதில்தான் சுற்றிக் கட்டினேன். எஞ்சின் நின்று, உருண்டைகள் தாழ்ந்து, குழல் அடியில் இருந்த நேரம் அது. ஆறிக்கொண்டிருந்த இரும்பின் சூட்டில் இரவெல்லாம் சந்தனம் இறுகியிருக்கும். மறுநாள் காலை துடைப்பது என் வேலை. பூக்களை மட்டும் எடுத்தேன். சாத்திய சந்தனத்தைத் துடைக்கலாகாது, அது தானே உதிர வேண்டும் என்பது என் எண்ணம்.

குழல் எழாவிட்டால் உருண்டைகள் எழா. உருண்டைகள் எழாவிட்டால் வால்வு மூடாது. கயிற்றால் கட்டினாலும் சந்தனத்தால் ஒட்டினாலும் விளைவு ஒன்றே. பூசைக்கு மறுநாள் எல்லாப் பொறியிலும் சந்தனம் இருக்கும் என்பதால் துரைக்கு நார் மட்டுமே கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. துரை அன்று தூக்கிப் பிடித்தது வாழைநார். எஞ்சின் அறையில் எதையும் நாங்கள் வாழைநாரால் கட்டுவதில்லை, சாக்குச் சணல்தான். வாழைநார் மாலைக்கு உரியது. அதை நான் அன்றே கண்டேன். கண்டு, ‘கையில் அகப்பட்ட நாரை எடுத்து அவர் கட்டியிருப்பார்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் உண்டேன், உறங்கினேன், பாடினேன். இப்போது அந்த ஓடு உள்ளங்கையில் இருந்தது.

நனைந்த ஒரு கந்தல் போதும், எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். மச்சான் எனக்கு முதுகு காட்டி வால்வைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் துடைக்கவில்லை, சொல்லவும் இல்லை. சாக்கைப் போட்டுக் கவர்னரை மூடிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை.

எங்கள் பெரியோர் தம் குற்றங்களைத் தாமே எடுத்துரைத்து இரங்கிய பாடல்கள் எத்தனையோ உண்டு. நாயினும் கீழாகத் தம்மை வைத்துப் பாடினார்கள். அவற்றில் ஒன்றைத்தான் அன்று பாடினேன். குரல் தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். தடுமாறவில்லை. சுருதி விலகாமல், சொல் பிறழாமல் முழுதும் பாடி முடித்தேன். அதுதான் என்னை அச்சுறுத்தியது.

*

மறுநாள் காலை அவர் வந்தவுடன் சாக்கை எடுத்தேன்.

“மச்சான், இங்க வாங்க.”

“அந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு பேச்சு.”

“வாங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறினார். வியப்பின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை.

“இத இப்பத்தான் பாக்குறீங்களா?”

“நீங்க?”

“அன்னைக்கே பாத்தேன். பெல்ட்டு அறுந்ததும் ஸ்டீம மூடிட்டு மேல ஏறுனது நான்தானே. உருண்டையத் தூக்கிப் பாத்தேன், அசையல. கையெல்லாம் சந்தனம்.”

“ஏன் சொல்லல?”

“யாருகிட்ட? ஒரு வேதக்காரன், பொண்டாட்டி கைய ஒடச்சவன், சாமி சந்தனத்து மேல பழியப் போடுறான்னு லயமே தெரண்டு வந்திருக்கும். எங்க வீட்டுக்காரி மொத ஆளா வந்திருப்பா. நீ தப்பிச்சிக்க என் சாமியச் சொல்றியான்னு கேட்டிருப்பா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட இதச் சொல்லலங்க. சொல்றதுக்கு அது என் பாவம் இல்லையே.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“உருண்ட எழும்பலன்னு நான் பாத்திருக்கணும். அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த நாரு யாரு கட்டுனதுன்னு ஒனக்குத் தெரியும். நீயா வருவேன்னு பாத்தேன். ஒரு வருசம் பாத்தேன். ரெண்டு வருசம் பாத்தேன். வெள்ளிக்கெழமையானா நீ பாடுறது எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். நல்லாத்தான் பாடுற.”

நான் நின்ற இடத்திலேயே கைகூப்பினேன். “காலையில வேலைக்கு வரிசையா நிக்கிற பெரட்டுல எல்லாரும் கேக்கச் சொல்றேன் மச்சான். நாளைக்கே சொல்றேன்.”

“பெரட்டு கெடக்கட்டும். அன்னைக்குப் பெரட்டுல நின்னவன்ல பாதிப் பேரு செத்துட்டான். தொரையும் செத்துட்டாரு. அவகிட்ட சொல்லு. எனக்கு அது போதும்.” திரும்பியவர் மீண்டும் நின்றார். “இதச் சொரண்டிறாத. அவ கண்ணால பாக்கட்டும்.”

*

அந்த அம்மாள் மறுநாள் வந்தார். விபத்துக்குப் பின் அவர் ரோலர் அறை வாசலைத் தாண்டியதே இல்லை. வலது கை உடலோடு ஒட்டி நீண்டு தொங்க, இடது கையில் குடை. நான் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். நான்கு வாக்கியங்கள் கேட்டார்.

“கதையா சொல்லாதீங்கண்ணே. காட்டுங்க.”

இடது கையால் உருண்டையைப் பற்றித் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினார். கவர்னர் முழுவதும் பலகையை விட்டு எழுந்ததே தவிர, குழல் நகரவில்லை.

“இத்தன வருசம் கெடந்தா எதுவும்தான் இறுகும். துருவா இருக்கும்.”

மச்சான் தம் சுரண்டியை நீட்டினார். அந்த அம்மாள் இடது கையால் சுரண்டினார். பழக்கமில்லாத கை, நேரம் எடுத்தது. நாங்கள் இருவரும் உதவப் போகவில்லை. மஞ்சள் ஓடு பெயரப் பெயர, அடியில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. நெய் கலந்த சந்தனம் அந்த இடத்தை மட்டும் கெடாமல் காத்திருந்தது. ஓட்டின் நடுவே ஒரு நார்த் துணுக்கு புதைந்து வந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“அன்னைக்குத் தொர இதத் தூக்கிக் காட்டுனாருன்னு சொன்னாங்க. அப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“அவருக்குப் பின்னால. நாலடி இருக்கும்.”

“வாழநாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது” என்றேன்.

அவர் என்னை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

அந்த அம்மாள் உண்மையாகவே யோசித்தார். “இல்ல.”

“அதான்.”

“என்ன அதான்? நம்பாம சண்ட போட்டிருப்பேன். சண்ட போடவாவது விட்டிருக்கலாம்ல? வாயில மண்ண அடச்சிக்கிட்டு நாப்பது வருசம் என் மொகத்துக்கு முன்னாடி ஒக்காந்து சோறு தின்னீங்களே!”

குழலுக்கு எண்ணெய் விட்டேன். இப்போது ஒரு விரலால் தூக்கினாலே உருண்டைகள் எழுந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முகம் இளகவில்லை.

“இது நிக்கிற எஞ்சின். நான் அடிபட்டது ஓடுற எஞ்சின்ல. ஓட்டுங்க. ரோலர நிப்பாட்டிக் காட்டுங்க. தன்னால அடங்குதான்னு பாக்கணும். அப்பத்தான் நம்புவேன்.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை டீமேக்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பின்பு, “அவருகிட்ட போட்ட கண்டிசன நான் வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லுங்க” என்றார். “நீங்களே சொல்லுங்க” என்றேன். போய்ச் சொன்னார்.

*

நீராவி ஏற்றிய முதல் நாள் எங்களுக்குத் தோல்வி. வால்வு பிழையின்றி ஓடியது. வெளியேறும் நீராவியின் ஓசை இரு பக்கமும் ஒரே அளவில் கேட்டது. ஆனால் வேகம் நிலைக்கவில்லை. எஞ்சின் விரையும், உருண்டைகள் துள்ளி எழும், வால்வு தேவைக்கு மேல் மூடிக்கொள்ளும், எஞ்சின் சோர்ந்துபோகும். உடனே உருண்டைகள் தொப்பென்று விழும்; வால்வு அகலத் திறக்கும்; எஞ்சின் மறுபடி பாயும். ஒரு ரோலரை விலக்கிப் பார்த்தபோது இந்த ஊசலாட்டம் இன்னும் பெரிதாகி, பெல்ட்டுகள் அலைந்தன. நீராவியை மூடினோம். அந்த அம்மாளை இதன் முன் நிறுத்த முடியாது.

முன்பு இறுகியிருந்த குற்றம். இப்போது அளவுக்கு மீறி இளகிய குற்றம். நான் மூட்டுகளையெல்லாம் மெருகேற்றி வைத்திருந்தேன். தடையே இல்லாத கவர்னர் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் பதறியது. அதைத் தாமதிக்கச் செய்ய ஏதாவது வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. எது என்று விளங்கவில்லை.

மச்சான் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு முச்சக்கர வண்டியின் ஷொக் எப்சோபரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“எங்கேருந்து?”

“மருமகன் வண்டி. பெட்ரோல் இல்லாம வீட்டு முன்னால கல்லு மாதிரி நிக்குது. ஓடாத வண்டிக்கு எதுக்கு இது?”

“மருமகன் என்ன சொன்னாரு?”

“அவன் தூங்குறான்.”

உள்ளே எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு தட்டு மெல்ல மேலும் கீழும் போகும் கருவி அது. வண்டியின் குலுக்கலைத் தாங்குவது போலக் கவர்னரின் துள்ளலையும் அது தாங்கும் என்பது அவர் கணக்கு. அதன் சுருள்வில்லைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை மட்டும் நெம்புகோலின் முனையில் பொருத்தினார். முதலில் மிகவும் கடினமாக இருந்தது. தட்டின் துளையைப் பெரிதாக்கிவர ஹட்டன் நகரில் ஒரு கடைசல் பட்டறைக்கு நடந்தே போய் வந்தார்; பஸ் ஓடவில்லை. எண்ணெயை இருமுறை மாற்றினோம். மூன்றாம் முறை உருண்டைகள் எழுந்தபோது துள்ளவில்லை. சுமையோடு படியேறும் முதியவர்போல் நிதானமாக எழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றன.

அந்த எஞ்சினைச் செய்தவர்கள் வால்வுக்கும் கவர்னருக்கும் எவ்வளவோ சிந்தித்திருப்பார்கள். எங்கள் திருத்தம் மிகச் சிறியது. ஆனால் என் வாழ்வில் நான் கண்ட திருத்தங்களில் அதற்கு நிகர் வேறில்லை.

*

அந்த அம்மாள் வந்து, அன்று தாம் நின்ற அதே இடத்தில் போய் நின்றார். பெல்ட்டுகளுக்குக் கனமான பலகைத் தடுப்புகள் அடித்திருந்தோம். ஆனாலும் டீமேக்கர் பதறினார்.

“அம்மா, கொஞ்சம் வெளியில நின்னு பாருங்களேன்.”

“வெளியில நின்னு நாப்பது வருசம் பாத்தாச்சு. நீங்க போங்க ஐயா.”

மச்சான் நீராவி வால்வைக் கையால் மெல்லத் திறந்தார். சக்கரம் திரும்பியது. மூன்று ரோலர்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வேகம் சமமாக நின்றது. நான் கவர்னருக்குக் கீழே எண்ணெய்க் குவளையோடு நின்றேன். மச்சான் மனைவியைப் பார்த்தார், மனைவி தலையசைத்தார். அவர் கையை உயர்த்த, அன்றுபோல் இரண்டல்ல, மூன்று ரோலர்களையும் ஒரே நொடியில் விலக்கினார்கள்.

பாரம் போனது. சக்கரம் ஒரு கணம் எழுச்சி கொண்டது. தரையில் அந்த அதிர்வு தெரிந்தது. அந்த அம்மாளின் இடது கை வலது முழங்கையைப் பற்றிக்கொண்டது. ஆனால் கண்களை மூடவில்லை. உருண்டைகள் விரிந்தன, குழல் எழுந்தது, நெம்புகோல் எண்ணெயின் தடையோடு இறங்கியது, நீராவி பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது. எஞ்சின் தன் பழைய நடைக்கு வந்து, வெறுமனே, அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

“இன்னொரு தடவ” என்றார்.

செய்தோம். மூன்றாம் முறையும் கேட்டார். செய்தோம்.

பிறகு கணவர் நின்ற இடத்துக்குப் போனார். எஞ்சின் ஓசையில் அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது.

“காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலயே. வாங்க, தேத்தண்ணி ஊத்தித் தாறேன்.”

“எஞ்சின விட்டுட்டா?”

“அண்ணன் பாத்துக்குவாரு. அதான் தன்னால அடங்குதுல்ல?”

இருவரும் பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்கள். என் பக்கம் அந்த அம்மாள் திரும்பவில்லை.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு வந்து வரிசையாய் நின்றவர்கள் முன் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிலர் தலைகுனிந்தார்கள். இளையவர்கள் சிலருக்கு அது பழங்கதையாகவே இருந்தது. ஒரு முதியவள் மட்டும், “எங்க வீட்டுக்காரரு சாகிற வரைக்கும் அந்தாள ஏசுனாரு. அவருக்கு யாரு போய்ச் சொல்றது?” என்றாள்.

டீசல் வரும்வரை, ஏழு வாரங்கள், மச்சான்தான் அந்த எஞ்சினை ஓட்டினார். டீமேக்கர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அவர் சில மாலைகளில் என் வீட்டுக்கு வருகிறார். ‘நீ’ என்றும் ‘நீங்க’ என்றும் கலந்து பேசுகிறார். அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் நான் பாடி முடித்த பிறகே உள்ளே வருகிறார். அதுவரை வெளியே, வேப்ப மரம்கூட இல்லாத அந்தத் திறந்த மேட்டில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நிற்பது நான் பாடும் இடத்திலிருந்து தெரியும். அந்தத் தீர்ப்பில் எனக்கு முறையீடு இல்லை. மழை பலத்துப் பெய்யும் நாட்களில் நான் ஒரு பதிகத்தோடு நிறுத்திக்கொண்டு, பக்கவாசல் வழியாக வெளியேறிவிடுகிறேன்.